நான்காம் அறையின் இரண்டு ஆப்பிள்கள்

அக்டோபர் பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு, ஊருக்கு வெளியே உள்ள பழக் கிடங்கின் நான்காம் அறையில் நாற்பத்தொரு வயதுத் தொழிலாளி ஒருவர் இறந்து கிடந்தார். அறையின் காற்றில் ஆக்சிஜன் இரண்டு சதவீதம் இருந்தது. அவருடைய கம்பளிக் கோட்டின் வலது பையில் இரண்டு ஆப்பிள்கள் இருந்தன.

ஆறு நாள் கழித்து அவர் மனைவி பழ ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடிக்கு வந்தாள். கதவில் ‘தோல் ஆய்வுப் பிரிவு’ என்று எழுதியிருந்தது. அந்தப் பலகையை நம்பிப் படையும் சொறியுமாக வந்து போனவர்கள் பலர். அதனால் உள்ளே இருந்த போட்டோக்காரர், யாரைக் கண்டாலும் ஒரே வாக்கியத்தில் ஆரம்பிப்பார்.

“அம்மா, இங்க மனுஷத் தோல் பார்க்கிறதில்ல. பழத்தோல் மட்டும்தான்.”

“தெரியும் சார். அதுக்குத்தான் வந்தேன்.”

போட்டோக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் பத்திரிகையில் படம் எடுத்தவர். இப்போது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுக்கிறார். வேலை மாறினாலும், துப்புக் கிடைத்தால் ஓடும் புத்தி மாறவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த டாக்டர் எழுந்து வந்தார். முப்பது வருடமாகப் பழங்களின் மேல்தோலைத் தவிர வேறொன்றையும் ஆராயாத பெண்மணி. அதிகம் பேசாதவர்.

வந்தவள் அந்தக் கிடங்கிலேயே பழங்களைத் தரம் பிரிக்கும் வேலை செய்பவள். விஷயத்தைக் கோர்வையாகவே சொன்னாள்.

“நாலாம் ரூம் கேஸ் ரூம் டாக்டர். பழம் மாசக்கணக்கா கெடாம இருக்க உள்ள காத்தை மாத்தி வெச்சிருப்பாங்க. ரெண்டு மூச்சு இழுத்தா ஆள் விழுந்துடுவான். பெரிய கதவுக்குச் சீல் வெச்சிருக்கும். பக்கத்துல ஆள் குனிஞ்சு நுழையற மாதிரி ஒரு சின்னக் கதவு. அந்தச் சாவி எங்க அண்ணன்கிட்ட. அவன்தான் கேஸ் ஆபரேட்டர். என் வீட்டுக்காரர் பழம் திருட உள்ள போனாராம், மச்சானுக்காக அண்ணன் சாவியக் குடுத்தானாம். அண்ணன அன்னிக்கே பிடிச்சிட்டுப் போய்ட்டாங்க. வெள்ளிக்கிழமை கோர்ட்டு. ஒரே நாள்ல என் வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரையும் எடுத்துட்டாங்க டாக்டர். ஒருத்தரத் திருப்ப முடியாது. இன்னொருத்தனையாவது திருப்பிக் குடுங்க.”

“உங்க அண்ணன் என்ன சொல்றார்?”

“அன்னிக்குக் காலையில உள்ள ஒரு வயர் அறுந்து, சூடு காட்டுற முள்ளு நின்னு போச்சாம். மாப்பிள்ளை வந்து ‘சின்னக் கதவைத் திற, யாரையாவது அனுப்பி ஒட்டிடலாம்’னாராம். ‘காத்தை மாத்தாம திறக்க மாட்டேன்’னு அண்ணன் சொல்லிட்டு கம்ப்ரெஸர் ரூமுக்குப் போயிட்டான். மாப்பிள்ளை அப்படி ஒரு பேச்சே நடக்கலைங்கறார்.”

“மாப்பிள்ளைன்னா?”

“முதலாளி மருமகன். முதலாளி வெளியூர் போனா அவர்தான் எல்லாம். கிடங்கே அவரை மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடும். அவருக்கும் அதுல ஒரு பெருமை.”

போட்டோக்காரர் குறுக்கிட்டார். “பையில பழம் இருந்ததே அம்மா?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சார், அடிபட்ட பழத்த வாரத்துக்கு ஒரு மூட்டை வீட்டுக்குக் குடுத்து விடுவாங்க. என் பிள்ளைங்க ஆப்பிள்னா எழுந்து ஓடுது. அதுல ரெண்டத் திருட அந்த மனுஷன் உயிர விடுவாரா?”

டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்த ரெண்டு பழம் இப்ப எங்க இருக்கு?”

*

காவல் நிலையத்தில்தான் இருந்தன. இன்ஸ்பெக்டரின் குளிர்சாதனப் பெட்டியில், அவருடைய தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். உறைக்குள் போட்டு அரக்கு முத்திரை வைத்திருந்தார்.

“நிபுணர் கருத்துன்னு ஒரு தாள் இருந்தா எனக்கும் நல்லதுதான் மேடம்,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஆனா ஆப்பிள் ஆப்பிள்தானே? என்ன சொல்லிடப் போகுது?”

“பையில வேற என்ன இருந்தது?”

அவர் பட்டியலைப் படித்தார். வலது பையில் ஆப்பிள் இரண்டு. இடது பையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுருள், குறடு ஒன்று. உடல் கிடந்த நிலை: சின்னக் கதவின் உட்புறம், குப்புற, தலை வாசலை நோக்கி, இடது கை வாசல் சட்டத்தின் மேல். முதலில் பார்த்தவர் மேஸ்திரி. மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு உடலை வெளியே எடுத்தவரும், பையிலிருந்து பழங்களை எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

“திருடப் போறவன் டேப்பும் குறடும் எதுக்கு எடுத்துட்டுப் போறான்?” என்றார் போட்டோக்காரர்.

“வேலைக்காரன் பையில குறடு இருக்கறது ஒரு அதிசயமா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

*

கிடங்கு நீளமான தகரக் கொட்டகை. நான்காம் அறையின் பெரிய கதவு இப்போது திறந்திருந்தது. உள்ளே மரப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மேஸ்திரி கூடவே வந்தார். முப்பத்தைந்து வருடம் அங்கே இருப்பவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்.

டாக்டர் சின்னக் கதவின் முன் மண்டியிட்டு உள்ளே கையை நீட்டிப் பார்த்தார். அவர் உயரமானவர் அல்லர். ஆனாலும் உடல் கிடந்த இடத்தில் சுண்ணாம்பால் வரைந்திருந்த உருவத்தின் இடுப்பு வரை அவர் கை எட்டியது. எழுந்து சுவரைப் பார்த்தார். கதவிலிருந்து மூன்று எட்டில், சிவப்பு ஆணியில், மூச்சுக் கருவியின் சிலிண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கும் இது இங்கதான் இருந்ததா?”

“எப்பவும் இங்கதான்மா இருக்கும்,” என்றார் மேஸ்திரி. “நான் ஓடி வந்து இதைத்தான் மாட்டினேன்.”

அறையின் உள்ளே, மூன்றாவது அடுக்குக்கு மேலே ஓடிய ஒயரில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மற்ற இடங்களில் தூசி. அந்த டேப்பில் தூசி இல்லை. போட்டோக்காரர் படம் எடுத்தார்.

டாக்டர் பெட்டியிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தார். மேஸ்திரி தன்னையறியாமல் அதை வாங்கிக் கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்தார். “இது மேல்கிளைப் பழம். வெயில் பட்டது. மெழுகு கெட்டியா இருக்கு பாருங்க.”

“இதைக் கழுவுவீங்களா?”

“உள்ள வைக்கற பழத்தக் கழுவவே கூடாதும்மா. மரத்துல இருந்த மாதிரியே வைக்கணும். வெளிய எடுத்தப்புறம்தான் கழுவி, பிரஷ் போட்டு, மெழுகு பூசி, ஸ்டிக்கர் ஒட்டுவோம். அது ஜனவரியில. இப்ப மெஷின் உறை போட்டுக் கிடக்கு.”

அலுவலகம் அதே நடைக்கூடத்தில் நாற்பத்தைந்து எட்டுத் தள்ளி இருந்தது. டாக்டர் எண்ணிக்கொண்டே நடந்தார். மாப்பிள்ளை எழுந்து நின்று வரவேற்றார். முப்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை. ஊர் திரும்பியிருந்த முதலாளி மூலை நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மேஜைக்கு எதிரே சுவரில், ஒவ்வோர் அறையின் வெப்பநிலையையும் தாளில் கோடாக இழுக்கும் பதிவுக் கருவி. மேஜைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில் கோபுரமாக அடுக்கிய ஆப்பிள்கள், முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்போடு. ஒவ்வொன்றிலும் நீள்வட்டமான தங்க நிற ஸ்டிக்கர். கோபுரத்துக்கு உச்சி இல்லை.

“பழக்கமான ஆள் மேடம். நல்லவன்னுதான் நினைச்சேன்,” என்றார் மாப்பிள்ளை. “வாசல்ல இருந்த பெட்டியில கைய விட்டிருக்கான். சட்டையில துடைச்சுப் பளபளன்னு ஆக்கிப் பையில போட்டிருக்கான். பாருங்க, ரெண்டு பழத்துக்கு ஒரு உயிர்.”

“நீங்க அப்ப எங்க இருந்தீங்க?”

“இதே நாற்காலியில. ஒன்பதரையில இருந்து மேஸ்திரி வந்து கத்தற வரைக்கும் எழுந்திருக்கல.” பிறகு கிண்ணத்தை நகர்த்தினார். “எடுத்துக்குங்க மேடம். நம்ம கிடங்குப் பழம்தான்.”

டாக்டர் ஒன்றை எடுத்துக்கொண்டார். கடிக்கவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இந்த ஸ்டிக்கர் அழகா இருக்கே?”

“பழம் வாங்க வர்ற பெரிய ஆளுங்களுக்குக் காட்டற சாம்பிள் மேடம். அதுக்கு மட்டும்தான் தங்க ஸ்டிக்கர். வெளிய போற பெட்டிக்கெல்லாம் வட்டமா பச்சைதான்.”

கிளம்பும்போது டாக்டர், பதினேழாம் தேதியின் தாளைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். மாப்பிள்ளை தாராளமாகக் கொடுத்தார்.

*

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைப்பதற்கு முன், பழத்தோலின் துண்டை உலர்த்தி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தங்க முலாம் பூச வேண்டும். “என் பொண்டாட்டிக்குக் கூட இவ்வளவு தங்கம் போட்டதில்ல,” என்று ஒவ்வொரு தடவையும் போட்டோக்காரர் சொல்வார். அன்றும் சொன்னார். டாக்டர் ஒவ்வொரு தடவையும் போல் கேளாததுபோல் இருந்தார்.

திரையில் முதல் படம் விரிந்தது. நான்காம் அறையின் பெட்டியிலிருந்து எடுத்த பழம். வெறுங்கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் தோல், ஆயிரம் மடங்கு பெரிதானபோது கோடையில் வெடித்த ஏரிப்படுகைபோல் இருந்தது. மெழுகு, மெல்லிய தகடுகளாக, ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறி நின்றது. பழம் பருக்கும்போது தோல் இழுபட்டு உண்டான விரிசல்கள் நடுவே ஓடின. ஆங்காங்கே பழம் மூச்சு விடும் துளைகள், திறந்த வாய்களாக.

“இந்தத் தகடு எல்லாம் பழமே உண்டாக்கினது,” என்றார் டாக்டர். “மழைத் தண்ணி ஒட்டாம, உள்ள இருக்கற ஈரம் போகாம காப்பாத்தறது. இப்ப அடுத்தது.”

அடுத்தது, அதே பெட்டிப் பழத்தைப் போட்டோக்காரர் தன் சட்டையில் நூறு தடவை அழுத்தித் தேய்த்தது. கண்ணுக்கு அது கிண்ணத்துப் பழத்தைப் போலவே மின்னியது. திரையில் தகடுகள் படுத்து நசுங்கியிருந்தன. ஆனால் விரிசல்கள் அப்படியே இருந்தன. துளைகளும் திறந்தே இருந்தன.

மூன்றாவது, இறந்தவரின் பையிலிருந்த பழம்.

போட்டோக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். திரையில் தகடும் இல்லை, விரிசலும் இல்லை. இழுத்துப் போர்த்திய விரிப்பைப்போல ஒரே சீரான படலம். விரிசல்கள் அதனடியில் நிரவப்பட்டுக் கிடந்தன. துளைகள் அடைபட்டிருந்தன. ஒரே திசையில் பிரஷ் இழுத்த கோடுகள் மட்டும் மெலிதாகத் தெரிந்தன.

“மேல மெழுகு பூசியிருக்கு!”

“துடைச்சா மெழுகு படுக்கும். பள்ளம் ரொம்பாது. பூசினாத்தான் ரொம்பும்,” என்றார் டாக்டர். இரண்டாவது பழத்தையும் பார்த்தார், அதுவும் அப்படியே. பிறகு முழுப் பழத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பி ஓர் இடத்தில் நிறுத்தினார். அந்த இடத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். படலம் அங்கே உரிந்திருந்தது. உரிந்த விளிம்பு தெளிவான வளைவு. ஓரத்தில் பசையின் மணிகள்.

அந்த வளைவைத் தாளில் வரைந்தார். கிண்ணத்துப் பழத்தின் தங்க ஸ்டிக்கரை உரித்து அதன்மேல் வைத்தார். பொருந்தியது.

“மேஸ்திரிதான்!” என்றார் போட்டோக்காரர். “முதல்ல பார்த்தது அவர். பையிலேர்ந்து எடுத்ததும் அவர். ஆபீசுக்குப் போகவர உரிமை உள்ளவர். கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. திருட்டு முழி.”

“அவர் பழத்தை வாங்கினதும் என்ன செஞ்சார்?”

“கட்டைவிரல்ல தேய்ச்சு... மேல்கிளைன்னார்.”

“யோசிங்க,” என்று சொல்லிவிட்டு டாக்டர் விளக்கை அணைத்தார்.

*

வியாழக்கிழமை முற்பகல் பத்து மணிக்குக் கிடங்கு அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர், முதலாளி, மாப்பிள்ளை, மேஸ்திரி, இறந்தவரின் மனைவி ஆகியோர் உட்கார்ந்திருந்தார்கள். போட்டோக்காரர் மூன்று படங்களையும் சுவரில் ஒட்டினார். டாக்டர் தோலின் கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

“அந்த ரெண்டு பழமும் நாலாம் அறைப் பழம் இல்ல. உள்ள இருக்கற பழத்துக்கு மெழுகு பூசறதில்ல. மெஷின் சாம்பிளுக்குன்னு ஒரு கூடை ஓட்டினதோட சரி, இனி ஜனவரி வரைக்கும் ஓடாது. கிடங்குல மெழுகு பூசின பழம் இப்ப ஒரே இடத்துலதான் இருக்கு.” எல்லோரும் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தார்கள். “ஸ்டிக்கரை உரிச்சிருக்கு. உரிச்ச அடையாளம் தங்க ஸ்டிக்கரோட அளவு. இறந்தவர் ஆபீஸ்ல எடுத்து, ஸ்டிக்கரை உரிச்சு, பையில போட்டுக்கிட்டு, பழம் திருட நாலாம் அறைக்குள்ள போனார்னு யாரும் சொல்ல மாட்டாங்க.”

“அப்ப யாரோ பையில போட்டிருக்காங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். தயங்கி மேஸ்திரியைப் பார்த்தார்.

“இல்ல. மேஸ்திரி இதைச் செய்யணும்னு நினைச்சிருந்தா, கைக்கு எட்டற பெட்டியிலேர்ந்து ரெண்டு பழத்த எடுத்துப் போட்டிருப்பார். முப்பத்தஞ்சு வருஷம் பழகின விரல். பூசின பழத்தையும் பூசாத பழத்தையும் இருட்டுல கூடப் பிரிச்சிடும். முதலாளியும் அப்படித்தான், அதோட அவர் அன்னிக்கு ஊர்லயே இல்ல. ஆபரேட்டர் எட்டு வருஷமா இதே பழத்தோட இருக்கறவர். இந்தத் தப்பைச் செய்யறவர், பழம்னாலே பளபளன்னு இருக்கும்னு நினைக்கறவர். பெட்டியில இருக்கறதுக்கும் கிண்ணத்துல இருக்கறதுக்கும் ஸ்டிக்கர்தான் வித்தியாசம்னு நினைக்கறவர். எனக்குக் கிண்ணத்தை நீட்டி ‘நம்ம கிடங்குப் பழம்தான்’னு சொன்னவர். பளபளப்பு எப்படி வந்ததுன்னு நான் கேக்கறதுக்கு முன்னாலயே ‘சட்டையில துடைச்சான்’னு பதிலும் சொன்னவர்.”

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். “கதை நல்லாருக்கு மேடம். பழத்த யாரும் எடுத்திருக்கலாம். நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே இல்லையே.”

“அப்ப எதிர்ச் சுவர்ல இருக்கற கருவியப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பீங்க.” டாக்டர் பதினேழாம் தேதித் தாளின் படத்தை மேஜைமேல் வைத்தார். “நாலாம் அறைக் கோடு ஒன்பது நாற்பதுக்கு நிக்குது. பதினொன்று ரெண்டுக்குத் திரும்ப ஓடுது. ஒயர்ல புது டேப் இருக்கு. அந்த மனுஷன் சொன்ன வேலைய முடிச்சிட்டுத்தான் விழுந்திருக்கார். கோடு நின்னது இந்த அறையில உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் தெரியும். திரும்ப ஓடினதும் அவருக்கு மட்டும்தான். ஆபரேட்டர் திறக்க மறுத்தார். சின்னக் கதவுக்கு இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு?”

முதலாளி முதன்முறையாக வாயைத் திறந்தார். “இந்த மேஜையில. இடது இழுப்பறை.”

“மாமா...”

“நீ பேசாதே.”

மாப்பிள்ளை தன் இஸ்திரிச் சட்டையின் கைமடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“ஒரு நிமிஷ வேலைதான் அது,” என்றார். “மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டு வான்னேன். அவனும் சரின்னான். ரூமைத் திறந்தா காத்தெல்லாம் போய்ப் பழம் மொத்தமும் வீணாயிடும்னு... திரும்பி வரும்போது வாசல் கிட்ட விழுந்துட்டான். செத்துட்டான்னுதான் நினைச்சேன். சத்தியமா.”

“பைக்குள்ள பழம் போட உங்க கை எட்டியிருக்கு,” என்றார் டாக்டர். “அந்தக் கை கோட்டைப் பிடிச்சு இழுக்கவும் எட்டியிருக்கும். மூச்சுக் கருவி மூணு எட்டுல தொங்கினது. நீங்க இங்க வந்து பழம் எடுத்துட்டுப் போக, வர நாற்பத்தஞ்சு, போக நாற்பத்தஞ்சு. தொண்ணூறு எட்டு.”

இறந்தவரின் மனைவி தலையை நிமிர்த்தினாள். அவள் குரல் உயரவில்லை.

“பழத்த வெக்கும்போது, அவரு கண்ணு திறந்திருந்ததா?”

மாப்பிள்ளை கைமடிப்பின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அவள் மேஸ்திரியின் பக்கம் திரும்பினாள். “பையிலேர்ந்து எடுத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல அண்ணே?”

மேஸ்திரி தன் கட்டைவிரலைப் பார்த்தபடி இருந்தார். “தெரிஞ்சுதும்மா,” என்றார். “தொட்டதுமே தெரிஞ்சுது. ரெண்டு பொண்ணுங்க எனக்கு. இந்த வேலைய விட்டா...”

“என் அண்ணனுக்கும்தான் ரெண்டு பொண்ணு,” என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையைத் தோளில் தொட்டு, “வாங்க போகலாம்” என்றார். கதவருகே போட்டோக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அவர் கழுத்தில் கேமரா தொங்கியது. படம் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு கேஸ் ஆபரேட்டர் விடுவிக்கப்பட்டார். தங்கையும் அவரும் பேருந்தில் வீடு திரும்பினார்கள். மேஸ்திரியிடம் திங்கட்கிழமை வாக்குமூலம் பதிவு செய்யப்பட்டது.

நான்காம் அறையின் பெரிய கதவு மொத்தம் பத்து நாள் திறந்திருந்தது. பெட்டிகளைப் பரிசோதித்ததில் கெட்டுப்போன பழம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தது. கதவை மறுபடி மூடிச் சீல் வைத்தார்கள். ஆக்சிஜன் இரண்டு சதவீதத்துக்கு இறங்க நான்கு நாள் ஆனது.